ஹைட்ரஜன் கார் வரும்வரை பொறுத்திருக்கலாமா?

தில்லி மயூர் விஹாரில் எங்கள் மேல்மாடியில் குடியிருக்கும் தம்பி போன வாரம் படியில் நிறுத்திக் கேட்டான். "அண்ணா, என் பெட்ரோல் காருக்கு 15 வருஷம் முடியப்போகுது. இப்பவே எலெக்ட்ரிக் வாங்கிடலாமா, இல்ல ஹைட்ரஜன் கார் வர்ற வரைக்கும் எப்படியாவது சமாளிக்கலாமா?"

கேள்வியில் நியாயம் இருக்கிறது. 2022 மார்ச்சில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சர் நிதின் கட்கரி டொயோட்டா மிராய் என்ற ஹைட்ரஜன் காரில் நாடாளுமன்றத்துக்கு வந்து இறங்கினார். 2023 செப்டம்பரில் இந்தியன் ஆயிலின் ஹைட்ரஜன் பஸ்ஸை இதே தில்லியில் கொடியசைத்து அனுப்பினார்கள். இதையெல்லாம் பார்த்தவருக்கு, பேட்டரி கார் வெறும் இடைக்கால ஏற்பாடு என்று தோன்றத்தான் செய்யும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. படியில் நின்று பாதிதான் சொல்ல முடிந்தது, முழுதாக இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. மிராய் மாதிரியான காரும் மின்சாரக் கார்தான். சக்கரத்தைச் சுற்றுவது மோட்டார். தொட்டியில் இருக்கும் ஹைட்ரஜனும் காற்றிலிருக்கும் ஆக்சிஜனும் ஃப்யூயல் செல்லில் சேர்ந்து மின்சாரம் தருகின்றன, பின்னால் தண்ணீர் சொட்டுகிறது. ஒரு வண்டி மின்சாரத்தைப் பேட்டரியில் சுமக்கிறது, இன்னொன்று வாயுவாகச் சுமந்து போகும் வழியில் மின்சாரமாக்கிக்கொள்கிறது. இந்த மாற்றி மாற்றிச் செய்யும் வேலையில்தான் கை நஷ்டம்.

கணக்கைப் பாருங்கள். தண்ணீரைப் பிரித்து 1 கிலோ ஹைட்ரஜன் எடுத்து, அழுத்தி, தொட்டியில் ஏற்ற ஏறத்தாழ 55 யூனிட் மின்சாரம் ஆகும். மிராய் 5.6 கிலோ பிடிக்கும். அமெரிக்க அரசின் சோதனைக் கணக்குப்படி அதில் சுமார் 645 கி.மீ. ஓடும், அதாவது கிலோவுக்கு 115 கி.மீ. அதே 55 யூனிட்டை நேராக பேட்டரியில் ஏற்றினால், சார்ஜ் ஆகும்போது வீணாவதைக் கழித்த பிறகும், மிராய் அளவுள்ள பெரிய காரே 250 கி.மீ. போகும். நம் ஊரில் அதிகம் ஓடும் நடுத்தர கார் 300-ஐத் தாண்டும். ஒரே சோலார் தகட்டிலிருந்து வரும் மின்சாரம் ஒரு வண்டியை இரண்டு மடங்கு தூரம் கொண்டுபோகிறது என்றால், இதற்கு மேல் என்ன யோசிக்க இருக்கிறது?

புகையிலும் அப்படித்தான். நம் நாட்டு மின்சாரத்தில் பெரும்பகுதி இன்னும் நிலக்கரிதான், ஒரு யூனிட்டுக்கு சுமார் 700 கிராம் கார்பன் டை ஆக்சைடு. அதை வைத்தே ஹைட்ரஜன் எடுத்தால் கி.மீ.க்கு 330 கிராம் வரை போகும். லிட்டருக்கு 15 கி.மீ. தரும் பெட்ரோல் காரே 150 கிராம்தான். நடுத்தர பேட்டரி கார் 120 கிராம் வாக்கில் நிற்கும். இது பெரிய வெற்றி இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சூரியனும் காற்றும் தரும் மின்சாரம் கூடக்கூட, இன்று வாங்கிய காரே வருடத்துக்கு வருடம் சுத்தமாகிக்கொண்டு வரும். இயற்கை எரிவாயுவிலிருந்து எடுக்கும் ஹைட்ரஜன் பேட்டரி காருக்குப் பக்கத்தில் வந்துவிடும் என்பதும் உண்மை. ஆனால் அங்கே கிலோவுக்கு 9, 10 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியேறுகிறது. பசுமை ஹைட்ரஜன் என்று சொல்ல 2 கிலோவுக்கு மேல் போகக்கூடாது என்பது அரசே 2023-இல் வகுத்த வரம்பு.

அப்புறம், பங்க். 2001, 2002 வாக்கில் தில்லியில் இருந்தவர்களிடம் சி.என்.ஜி. வரிசையைப் பற்றிக் கேட்டுப்பாருங்கள். பஸ்களை எல்லாம் வாயுவுக்கு மாற்ற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1998-இல் உத்தரவிட்டது. வண்டிகள் மாறின, பங்குகள் போதவில்லை. ஆட்டோக்காரர்கள் ராத்திரியெல்லாம் வரிசையிலேயே படுத்துக் கிடந்தார்கள். இத்தனைக்கும் வாயுவைக் கொண்டுவரும் பெரிய குழாய் ஏற்கெனவே தில்லிப் பக்கம் வந்திருந்தது. சி.என்.ஜி. சிலிண்டரில் இருக்கும் அழுத்தம் 200 பார், அதாவது நம்மைச் சுற்றியுள்ள காற்றழுத்தத்தைப் போல ஏறத்தாழ 200 மடங்கு. மிராய் தொட்டியில் 700 பார். ஹைட்ரஜனுக்குக் குழாயும் கிடையாது, அந்த அழுத்தத்தில் நிரப்பும் பங்கும் தெருவுக்குத் தெரு வரப்போவதில்லை. பணமும் ஆர்வமும் இருந்த கலிஃபோர்னியாவிலேயே ஷெல் நிறுவனம் 2024-இல் தன் கார் ஹைட்ரஜன் பங்குகளை மூடிவிட்டது. மின்சாரத்துக்கோ, கம்பி எல்லார் வீட்டுக்கும் வந்துவிட்டது. மெட்ரோ வாசலில் நிற்கும் இ-ரிக்‌ஷாக்காரர் யாரையும் கேட்காமல் எப்போதோ முடிவெடுத்துவிட்டார்.

சரி, ஹைட்ரஜனுக்கு வேலையே இல்லையா? இருக்கிறது. 5 நிமிடத்தில் நிரப்பிக்கொண்டு கிளம்பலாம், பேட்டரி காருக்கு ஃபாஸ்ட் சார்ஜரிலும் பெரும்பாலும் அரை மணியிலிருந்து ஒரு மணி வரை ஆகும். பாரம் ஏற்றி நாள் முழுக்க ஓடும் லாரிக்கு இது பெரிய விஷயம். அப்படிப்பட்ட லாரிக்கு 500 யூனிட் பேட்டரி வைத்தால் அதுவே சுமார் 3 டன் இருக்கும், அந்த 3 டன் சரக்குக் கூலி போச்சு. அதனால்தான் 2025 மார்ச்சில் அரசு 37 ஹைட்ரஜன் பஸ், லாரிகளுக்கான சோதனை ஓட்டத்தை அறிவித்தபோது, கிரேட்டர் நொய்டா–தில்லி–ஆக்ரா போன்ற நெடுவழிகளைச் சேர்த்தது. ஆனால் அதில் 22 வண்டிகள் ஹைட்ரஜனை எஞ்சினிலேயே எரிப்பவை. எரித்தால் நைட்ரஜன் ஆக்சைடுகள் வரும். நவம்பரில் மூச்சு முட்டும் ஊருக்குள் ஃப்யூயல் செல் வண்டியை மட்டும்தான் விட வேண்டும் என்பேன்.

இன்னொன்றும் மனதில் உறுத்துகிறது. பானிபட், மதுரா சுத்திகரிப்பு ஆலைகளும், உரத் தொழிற்சாலைகளும் இன்றைக்கே ஹைட்ரஜனை டன் டன்னாகச் செலவழிக்கின்றன, அதுவும் பெரும்பாலும் எரிவாயுவிலிருந்து எடுத்தது. பசுமை ஹைட்ரஜன் கிடைத்தால் முதலில் அங்கே போகட்டும். அவர்களுக்கு வேறு வழி இல்லை, நம் காருக்கு இருக்கிறது.

தம்பி அன்று படியில் நான் சொன்னவரை கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டான்: "சார்ஜ் எங்க போடறது?" பேட்டரி காரின் உண்மையான பலவீனம் அதுதான். அவன் வீடு மூன்றாம் மாடி, கார் நிற்பது காம்பவுண்டுச் சுவர் ஓரம். ஜன்னல் வழியாக வயர் இறக்குவது ஆபத்து, யாரும் செய்யாதீர்கள். தனி மீட்டர், நல்ல எர்த்திங், 16 ஆம்பியர் பிளக் ஒன்று இருந்தால் போதும். அவன் தினம் ஓட்டும் 40 கி.மீ.க்கு 6, 7 யூனிட், ராத்திரி மூன்று மணி நேரத்தில் ஏறிவிடும். அந்த ஒரு பிளக்குக்குக் குடியிருப்புச் சங்கத்தின் சம்மதம் வாங்குவதுதான் பாடு. இரண்டு வருடம் முன்பு நான் கேட்டபோது "தீப்பிடித்தால் யார் பொறுப்பு" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்கள்.

இந்த முறை தனியாகக் கேட்கப்போவதில்லை. நான்கு வீட்டுக்காரர்கள் சேர்ந்து மனு எழுதியிருக்கிறோம். மின் பணியாளரை வரவழைத்து எந்தச் சுவரில் மீட்டர், எங்கே பிரேக்கர் என்று படமும் போட்டாயிற்று. ஞாயிற்றுக்கிழமை கூட்டம். மனுவில் தம்பியின் கையெழுத்துதான் முதலில் இருக்கிறது.