கறவை மாட்டுக் காப்பீடு: செத்தால் பணம் வருது, பிழைத்தால்?

வேலூர் மாவட்டம் அணைக்கட்டு ஊர்ப் பக்கம் மாடு வைத்திருக்கிறோம். போன வருஷம், வாயிலும் குளம்பிலும் புண் வருகிற காணை நோயில் ஒரு ஜெர்சி செத்துவிட்டது, இன்னொன்று பிழைத்தது. இரண்டுக்கும் மானியக் காப்பீடு போட்டிருந்தோம், அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

வெள்ளத்தில் கறவை மாடு போனால் பேரிடர் நிவாரணமாக 37,500 ரூபாய் உண்டு. நோயில் போனால் அது கிடையாது. பறவைக் காய்ச்சல் மாதிரி சில நோய்களுக்கு, பரவாமல் இருக்க அரசே அழிக்கச் சொன்னால்தான் இழப்பீடு. அதனால் காணைக்கும், தோலில் கட்டி கட்டியாக வருகிற மாட்டுப் பெரியம்மைக்கும் நமக்கு இருப்பது காப்பீடுதான். 2024இல் பிரீமியத்தில் விவசாயி பங்கை 15 சதவீதமாகக் குறைத்தார்கள், மீதி மத்திய, மாநில அரசுகளுடையது. இது நிஜமாகவே நல்ல விஷயம்.

மாடு செத்ததும் டாக்டருக்குச் சொன்னோம், அன்றே வந்து போஸ்ட்மார்ட்டம் செய்து, காதில் மாட்டியிருக்கும் அடையாளத் தோட்டின் நம்பர் தெரிகிற மாதிரி போட்டோ எடுத்துக்கொண்டார். அவர் வேலையில் குறையே இல்லை. கம்பெனிதான் கொடுத்த போட்டோவையே திரும்பத் திரும்பக் கேட்டு இழுத்தடித்தது, தடுப்பூசி போட்ட பதிவையும் கேட்டார்கள், கடைசியில் பணம் வந்தது.

என் வருத்தமெல்லாம் பிழைத்த மாட்டைப் பற்றித்தான். வாய்ப்புண்ணும் குளம்புப் புண்ணும் ஆறிவிட்டன, ஆனால் மடிநோய் வந்து ஒரு காம்பு அடைத்துப்போச்சு, பால் பாதிகூட இல்லை, சினையும் நிற்கவில்லை. வேலூர் வெயிலில் காலை பத்து மணிக்கே நாக்கைத் தள்ளிக்கொண்டு இரைக்கிறது, மேயவும் மாட்டேன் என்கிறது. செவ்வாய்க்கிழமை பொய்கைச் சந்தைக்கு ஓட்டிப்போனால் வியாபாரி அந்த மூச்சைப் பார்த்தே அடிமாட்டு விலை கேட்கிறார். இதற்குக் காப்பீட்டில் ஒரு பைசா கிடையாது, எங்கள் பாலிசி சாவுக்கு மட்டும்தான். தீவனச் செலவு மட்டும் அப்படியே நிற்கிறது.

பால் சொசைட்டியில் தினமும் அளந்து எழுதிய கணக்கு இருக்கிறதே, நோய்க்கு முன்னாடி எத்தனை லிட்டர், அப்புறம் எத்தனை என்று அதிலேயே தெரியுமே. டாக்டர் சான்றையும் அதையும் சேர்த்து வைத்துப் பால் இழப்புக்கு ஏதாவது கொடுக்கலாம். காணை வந்த மாடுகளில் பெரும்பாலானவை சாவதில்லை, ஆனால் சில இப்படித்தான் பாதி உயிராக நிற்கின்றன.

ஆனாலும் காப்பீடு போடுங்கள். 6 மாதத்துக்கு ஒருமுறை இலவசமாகப் போடும் காணை ஊசியைத் தவறவிடாதீர்கள், பதிவு ஏறியதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். தோடு வேலியில் மாட்டி அறுந்துவிட்டால் அன்றைக்கே கால்நடை மருந்தகத்தில் சொல்லி வேறு போட்டுவிடுங்கள், தோடு இல்லாத மாட்டுக்குப் பணம் தரமாட்டார்கள்.