புதுச்சேரியில் கோட்டு தைக்கக் கொடுப்பவர்கள் கவனத்துக்கு: 38,500 ரூபாய் போச்சு

ஊர் திரும்பி நாலு நாள்தான் ஆகிறது. கோபம் அடங்கவில்லை. எழுத்து முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். குளிர் தேசத்துக் கப்பல் பயணத்துக்கு என்ன உடுத்துவது என்று சிலர் கேட்டிருந்தீர்கள், அதையும் சொல்கிறேன்.

லண்டனில் இருக்கும் மகள், அப்பாவின் அறுபதாம் வயதுக்காக சவுத்தாம்ப்டனிலிருந்து நார்வே போகும் கப்பலில் ஏழு இரவுக்கு டிக்கெட் போட்டிருந்தாள். ஏப்ரல் மாதம், நார்வேயின் பெர்கன் துறைமுகத்தில் பகலிலேயே பத்து டிகிரியை ஒட்டித்தான் இருக்கும் என்றாள். அதில் இரண்டு இரவு ‘ஃபார்மல் நைட்’. அன்றைக்குப் பெரிய சாப்பாட்டு ஹாலுக்குள் ஆண்கள் கோட்டு சூட்டோடுதான் போக வேண்டும். எனக்குப் பட்டுப்புடவை இருக்கிறது. அவருக்குக் கல்யாண வரவேற்பில் போட்ட கோட்டுக்கு அப்புறம் கோட்டே கிடையாது.

டவுனில் கோட்டு தைக்கிற பழைய கடை ஒன்றுக்குப் போனோம். பெயர் வேண்டாம். ஓனர் காபி வரவழைத்தார். “எங்க அப்பா சொல்தாக்களுக்குத் தைச்சவர்மா. ஜூலை 14 அன்னிக்கு மெடல் குத்திக்கிட்டு வருவாங்களே, அதுல பாதி எங்க கடை கோட்டு” என்றார். சொல்தா என்றால் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர்; ஜூலை 14 பிரான்சின் தேசிய நாள். என் மாமனாரும் சொல்தாதான், அந்தப் பட்டாளத்துப் பென்ஷன் வாங்கியவர். அதைச் சொன்னதும், எந்த வீதி என்று விசாரித்துவிட்டு, “அவருக்கும் அப்பாதான் தைச்சிருப்பாரு” என்றார். அந்த ஒரு வார்த்தையில் விழுந்துவிட்டேன். கருநீலத் துணியை என் கையில் போட்டு, “சுத்த மெரினோ கம்பளிம்மா, கப்பல் குளிருக்கு இதான்” என்றார். கூடவே எனக்கு ஒரு ‘பஷ்மினா’ சால்வை. மொத்தம் 38,500. இருபதாயிரம் ஜிபே, மிச்சம் ரொக்கம். ‘கோட் செட் 1, சால்வை 1’ என்று கிறுக்கிய துண்டுச்சீட்டு மட்டும்தான் கையில் தந்தார். மாமனாருக்குத் தைத்த கடை என்ற நினைப்பில் பில் கேட்கவே தோன்றவில்லை.

பத்து நாளில் தருகிறேன் என்றவர், நாங்கள் விமானத்துக்குக் கிளம்புகிற நாள் மத்தியானம்தான் கொடுத்தார்.

முதல் ஃபார்மல் நைட் அன்று, மடிப்பு விழுந்த கோட்டைக் கப்பலின் சலவை அறைக்கு எடுத்துப் போனேன். இஸ்திரிப் பெட்டியைக் கம்பளிக்கு உள்ள சூட்டில்தான் வைத்தேன். மார்பு மடிப்பில் வைத்து எடுத்ததும் துணி பெட்டியோடு ஒட்டிக்கொண்டு வந்தது. கண்ணாடி மாதிரி பளபளவென்று உள்ளங்கை அகலத்துக்கு ஒரு திட்டு. அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு மேல் தளத்து பஃபேக்குப் போய்ச் சாப்பிட்டார். அறுபதாம் வயது போட்டோவிலும் அந்த ஸ்வெட்டர்தான். என் ‘பஷ்மினா’வை எடுக்கும்போதெல்லாம் சடசடவென்று பொறி தெறித்தது.

வீட்டுக்கு வந்து, கோட்டின் உள்மடிப்புத் துணியிலிருந்தே (தையல் நூல் அல்ல) ஒரு நூலை உருவித் தீக்குச்சியில் காட்டினோம். கம்பளி என்றால் முடி கருகுகிற நாற்றம் வரும், சாம்பல் விரலில் பொடியும். இது உருகிக் கறுப்பு மணியாக இறுகிவிட்டது. நகத்தால் நசுக்கினேன், நசுங்கவில்லை. செயற்கை நூல்! இதற்கா 38,500?

அன்றைக்கே கடைக்குப் போனேன். ஓனர் காரைக்கால் போயிருக்கிறாராம். மறுநாள் ஆள் இருந்தார், காபி இல்லை. “இஸ்திரி சூட்டை நீங்கதான் பார்த்து வச்சிருக்கணும்.” கருகின நூலைக் காட்டினேன். “மில்லுக்காரன் கம்பளின்னு சொல்லித்தான் கொடுத்தான், நான் என்ன பண்றது?” அப்புறம், “பில் இருக்கா?” என் மாமனார் பேரை எடுத்தேன். “யாரும்மா அது?” என்றார். அந்த நூலைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். நீல டிக் விழுந்தது, கொஞ்ச நேரத்தில் அவர் படம் மறைந்துவிட்டது. பிளாக் பண்ணிவிட்டார்.

சரி, போகிறவர்களுக்கு: ‘100% கம்பளி’ என்று பில்லில் எழுதி வாங்குங்கள். துணி வெட்டுவதற்கு முன்பே ஒரு நூலை எரித்துப் பாருங்கள். ஒரு வாரம் முன்னாலேயே டெலிவரி எடுங்கள். பெண்களுக்குப் பட்டுப்புடவையே போதும், கப்பலுக்குள் ஹீட்டர் உண்டு. டெக்குக்குப் போகும்போது மட்டும் உள்ளே தெர்மல், மேலே தடித்த கோட்டு. இன்னும் எழுத நினைத்தேன், இப்போது முடியவில்லை.

1915 நுகர்வோர் உதவி எண்ணில் பதிந்திருக்கிறேன். ஜிபே ரசீது, துண்டுச்சீட்டு, அந்தக் கறுப்பு மணி மூன்றையும் ஒரு கவரில் போட்டு வைத்திருக்கிறேன். திங்கட்கிழமை கோட்டோடு மறுபடியும் கடைக்குப் போகிறேன்.