மீட்டரில் எச்சரிக்கை மறைந்துவிட்டால் சர்வீஸ் முடிந்தது என்று நம்பிவிடாதீர்கள்

டுகாட்டி ஸ்க்ராம்ப்ளர் 800 வைத்திருப்பவர்களும் அதைச் செகண்ட் ஹேண்டில் வாங்க நினைப்பவர்களும் இதைப் பொறுமையாக வாசிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். சென்னைப் புறநகரில் பல நிறுவனங்களின் பெரிய பைக்குகளைப் பழுதுபார்க்கும் தனியார் ஒர்க்‌ஷாப் ஒன்றில், செய்யாத வேலைக்கு என்னிடம் பணம் வாங்கினார்கள். அதோடு, வண்டியின் பாதுகாப்புக் குறியீட்டையும் எனக்குத் தெரியாமல் மாற்றிவிட்டார்கள். புகார் நிலுவையில் இருப்பதால் அவர்களுடைய பெயரை இங்கே எழுதவில்லை. ஏமாற்றிய முறையை மட்டும் விளக்கமாகச் சொல்கிறேன்.

வண்டியை அங்கே கொண்டு சென்றதற்கு இரண்டு காரணங்கள் இருந்தன. ஒன்று, சாவியைத் திருப்பியதும் மீட்டரில் டெஸ்மோ சர்வீஸுக்கான (எஞ்சின் வால்வுகளின் இடைவெளியைப் பார்த்துச் சரிசெய்யும் சர்வீஸ்) அறிவிப்பு வரத் தொடங்கியிருந்தது. மற்றொன்று, ஓடிக்கொண்டிருக்கும்போதே மஞ்சள் நிற எஞ்சின் விளக்கு விட்டுவிட்டு எரிந்தது. வண்டியைத் திரும்ப எடுக்கும்போது இரண்டும் மறைந்திருந்தன. பில்லில் வால்வு இடைவெளி சரிசெய்தல், வால்வுகளை இயக்கும் இரண்டு டைமிங் பெல்ட்டுகள், ஆயில், ஃபில்டர், இசியு (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி) பழுது நீக்கம், சாவி புரோகிராமிங் என்று வரிசையாக எழுதி 46,000 ரூபாய் வாங்கினார்கள்.

இந்த வண்டியின் சர்வீஸ் அறிவிப்பு எப்படி வேலை செய்கிறது என்பதைப் புரிந்துகொண்டால் மோசடியும் புரிந்துவிடும். மீட்டருக்கு எஞ்சினுக்குள் நடப்பது எதுவும் தெரியாது. ஓடிய கிலோமீட்டரையும் கடந்த காலத்தையும் மட்டும் கணக்கிட்டு, குறிப்பிட்ட எல்லை வந்ததும் அது அறிவிப்பைக் காட்டுகிறது. ஸ்க்ராம்ப்ளர் 800 வண்டிக்கு 12,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை வால்வு இடைவெளியைப் பார்க்க வேண்டும். இந்த அறிவிப்பை உரிமையாளர் பட்டனை அழுத்தி நீக்க முடியாது. டயக்னாஸ்டிக் (பழுதறியும்) கருவியை இணைத்துத்தான் நீக்க வேண்டும். அந்தக் கருவி வெளியிலும் கிடைக்கிறது. அதை வைத்திருக்கும் எவரும் ஒரு ஸ்பேனரைக்கூடத் தொடாமல் சில நிமிடங்களில் அறிவிப்பை அழித்துவிட்டு, முழு சர்வீஸுக்கும் பில் போட முடியும். எனக்கு நடந்தது அதுதான்.

சில வாரங்களில் எஞ்சின் விளக்கு மீண்டும் எரிந்தது. இம்முறை எனக்குத் தெரிந்த மூத்த மெக்கானிக் ஒருவரிடம் காட்டினேன். அவர் முதலில் இசியு பதிந்து வைத்திருந்த பழுதுக் குறியீட்டை, அதாவது கோடை (code), படித்தார். பி0031 என்று வந்தது. புகையில் உள்ள ஆக்சிஜனை அளக்கும் சென்சாரைச் சூடாக்கும் ஹீட்டர் சர்க்யூட்டில் மின்னோட்டம் சரியில்லை என்பது அதன் பொருள். சைலன்சர் பைப்பின் ஓரமாகச் செல்லும் வயர் உரசித் தோல் உரிந்திருந்ததை அவர் கண்ணெதிரே காட்டினார். வயரை ஒட்டி, உறை போட்டு, வேறு பாதையில் கட்டியதோடு பிரச்சினை தீர்ந்தது. இசியுவுக்கும் இந்தப் பழுதுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. முதலில் பார்த்தவர்கள் கோடை அழித்துவிட்டு, அதற்கு இசியு பழுது நீக்கம் என்று பெயர் வைத்துத் தனியாக 14,000 ரூபாய் வாங்கியிருக்கிறார்கள். அழிக்கப்பட்ட கோடு பழுது இருக்கும்வரை திரும்பத் திரும்ப வரும். ஆனால் அழிக்கும்போது, பழுது ஏற்பட்ட நேரத்தில் எஞ்சின் வேகம் என்ன, வெப்பம் என்ன என்று இசியு குறித்து வைத்திருக்கும் விவரமும் போய்விடும் என்பதால், அடுத்து வரும் மெக்கானிக்கின் வேலை கடினமாகிறது.

அவரே பெல்ட் மூடியையும் கழற்றிப் பார்த்தார். உள்ளே இருந்தவை ஓரங்களில் விரிசல் விட்ட பழைய பெல்ட்டுகள். வால்வு மூடிகளின் போல்ட்டுகளைச் சுற்றிப் படிந்திருந்த பழைய அழுக்கு அப்படியே இருந்தது. இந்த இடத்தில் என் கோபம் பணத்தைப் பற்றியதாக இல்லாமல் போனது. டைமிங் பெல்ட் ஓட்டத்தில் அறுந்தால் வால்வுகள் பிஸ்டனில் மோதி எஞ்சின் உடையும். பின்சக்கரம் பூட்டிக்கொள்ளவும் கூடும். நெடுஞ்சாலையில் பின்னால் லாரி வரும்போது அது நிகழ்ந்தால் என்ன ஆகும் என்பதை அந்த ஒர்க்‌ஷாப்காரர்கள் அறியாதவர்கள் அல்லர். அறிந்தே புதிய பெல்ட் மாட்டியதாக எழுதிக் கொடுத்தார்கள்.

டெஸ்மோ வேலை உண்மையில் நடந்ததா என்று கண்டுபிடிக்க ஒரு நேரான வழி இருக்கிறது. மற்ற எஞ்சின்களில் வால்வை மூடுவது ஸ்பிரிங். டுகாட்டியின் டெஸ்மோ அமைப்பில் திறப்பதற்கு ஒரு ராக்கர், மூடுவதற்கு இன்னொரு ராக்கர். ஸ்க்ராம்ப்ளரில் இரண்டு சிலிண்டர்களுக்கும் சேர்த்து நான்கு வால்வுகள் இருப்பதால், திறக்கும் பக்கம் நான்கு, மூடும் பக்கம் நான்கு என மொத்தம் எட்டு இடைவெளிகளை அளக்க வேண்டும். உண்மையாக வேலை செய்தவரிடம் அந்த எட்டு அளவுகளும் எழுத்தில் இருக்கும். பிறகு நான் கேட்டபோது அவர்களால் ஓர் அளவைக்கூடத் தர முடியவில்லை. கழற்றிய பழைய பெல்ட்டுகளைக் கேட்டதற்குக் குப்பையில் போட்டுவிட்டோம் என்றார்கள்.

சாவி விஷயம் இதைவிட மோசமானது. இந்த வண்டியின் சாவிக்குள் ஒரு சிப் இருக்கிறது. இக்னிஷனைச் சுற்றியுள்ள ஆன்டெனா அதைப் படித்து, தெரிந்த சாவி என்றால் மட்டுமே எஞ்சினை இயங்க விடும். சிப்போ ஆன்டெனாவோ பழுதானால் வழியில் தவிக்காமல் இருப்பதற்காக, மீட்டர் மெனுவில் உரிமையாளர் நான்கு இலக்கப் பின் எண் ஒன்றைப் பதிந்து வைக்கலாம். வண்டியை விடும்போது, இந்த எண்ணைத் தந்தால்தான் ஜாப் கார்டு (வேலை விவரம் எழுதும் அட்டை) போட முடியும் என்று கட்டாயப்படுத்தி வாங்கினார்கள். மாதிரிச் சாவி என்று ஒன்றை மட்டும் வாங்கிக்கொண்டார்கள். நான் கேட்காமலேயே சாவி புரோகிராமிங் செய்திருக்கிறார்கள். சாவிகளைப் புதிதாகப் பதியும்போது முன்னிலையில் வைக்கப்படாத சாவிகள் நினைவிலிருந்து நீக்கப்படும் என்பது இந்த அமைப்பின் விதி. தொலைந்த சாவியைக் கொண்டு யாரும் திருடக்கூடாது என்பதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள். அதன் விளைவாக வீட்டில் இருந்த என் இரண்டாவது சாவி செத்துப்போனது. அதைப் போட்டுப் பார்த்தபோது எஞ்சின் இயங்க மறுத்தது, என் பின் எண்ணையும் மீட்டர் ஏற்கவில்லை. தொலைபேசியில் கேட்டபோது, லாக் எடுக்க 6,500 ரூபாய் ஆகும் என்று கூசாமல் சொன்னார்கள்.

அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் நிலையத்தில் ஆர்.சி., அடையாள அட்டை, இரண்டு சாவிகள் ஆகியவற்றைக் காட்டிய பிறகு சாவிகளும் பின் எண்ணும் ஒழுங்காயின. எந்த வேலைக்கும் பின் எண்ணை வெளியாருக்குத் தரத் தேவையில்லை. சாவி வேலை செய்யும் வண்டியில் அதற்கு அவசியமே வராது. செகண்ட் ஹேண்டில் வாங்குவோர் பணம் கொடுப்பதற்கு முன் இரண்டு சாவிகளாலும் ஸ்டார்ட் செய்து பார்க்க வேண்டும். மெனுவில் புதிய பின் எண் பதியும் வசதி தெரிகிறதா, ஏற்கெனவே உள்ளதை மாற்றும் வசதி தெரிகிறதா என்றும் பார்க்க வேண்டும். மாற்றும் வசதி தெரிந்தால் யாரோ ஓர் எண்ணைப் பதிந்து வைத்திருக்கிறார்கள் என்று பொருள்; பழைய எண் இல்லாமல் நீங்களாக அதை மாற்ற முடியாது. இன்னொன்று: சாவியைத் திருப்பியதும் எஞ்சின் விளக்கு ஒருமுறை எரிய வேண்டும். எரியவே இல்லை என்றால், பழுதை மறைக்க விளக்கையே செயலிழக்கச் செய்திருக்கிறார்களோ என்று சந்தேகிக்கலாம்.

வேறு நிறுவன வண்டிகள் வைத்திருப்பவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ்.6 என்ற புகை மாசு விதி வந்தபின் சாதாரண நூறு சிசி வண்டியிலும் எஞ்சின் விளக்கு இருக்கிறது. ஆகவே கோடை அழிப்பதற்கு முன் அதன் எண்ணைப் படம் எடுத்துத் தரச் சொல்லுங்கள். அந்த எண்ணை ஜாப் கார்டிலும் எழுத வையுங்கள். பேட்டரி பலவீனமாக இருந்தாலும் சம்பந்தமில்லாத கோடுகள் வரும் என்பதால், இசியு போய்விட்டது என்று எவராவது சொன்னால் முதலில் பேட்டரி வோல்டேஜை அளந்து காட்டச் சொல்வது நியாயமான கோரிக்கை. கழற்றிய பாகங்களைத் திரும்பத் தர வேண்டும் என்பதையும் தொடக்கத்திலேயே ஜாப் கார்டில் எழுதச் சொல்லுங்கள்.

நான் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிந்துவிட்டு, மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் மனு தாக்கல் செய்திருக்கிறேன். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி பாதிப்பு ஏற்பட்டதிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் மனு செய்ய வேண்டும்; செலுத்திய தொகை ஐந்து லட்சம் வரை இருந்தால் கட்டணம் கிடையாது. பில், ஜாப் கார்டு, பழைய பெல்ட்டுகளின் படங்கள், இரண்டாவது மெக்கானிக் எழுதித் தந்த அறிக்கை ஆகியவற்றை இணைத்திருக்கிறேன். அதே ஒர்க்‌ஷாப்பில் டெஸ்மோ சர்வீஸ் செய்ததாகச் சந்தேகிப்பவர்கள் இருந்தால், வண்டியை இனி வேகமாக ஓட்டுவதற்கு முன் தயவுசெய்து பெல்ட் மூடியைத் திறந்து பார்த்துவிடுங்கள்.