முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு ‘வீட்டு பிசியோ பேக்கேஜ்’ எடுப்பவர்கள் கவனத்துக்கு

அப்பாவுக்கோ அம்மாவுக்கோ மூட்டு மாற்று ஆபரேஷன் செய்ய ஏற்பாடு செய்துகொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். எந்த ஆஸ்பத்திரி, எந்த டாக்டர், எந்த கம்பெனி மூட்டு என்றெல்லாம் மாதக்கணக்கில் விசாரிப்போம். வீட்டுக்கு வந்து காலை மடக்க வைக்கப்போகிற ஆள் யார், என்ன படித்தவர் என்பதை மட்டும் யாரும் கேட்பதில்லை. அந்த இடத்தில்தான் எங்களை ஏமாற்றினார்கள். காசு போனது ஒரு பக்கம். அம்மாவின் முழங்கால் இறுகிப்போய், மறுபடி மயக்க மருந்து கொடுக்க வேண்டிய நிலை வந்தது.

அம்மாவுக்கு வலது முழங்கால், திருச்சியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. ஆபரேஷனில் ஒரு குறையும் சொல்ல மாட்டேன்; மறுநாளே வாக்கர் பிடித்து நடக்க வைத்துவிட்டார்கள். எஸ்டிமேட்டில் ‘பிசியோதெரபி உட்பட’ என்று போட்டிருந்தார்கள். அது வார்டில் இருக்கும்வரைதான் என்று டிஸ்சார்ஜ் அன்றுதான் சொன்னார்கள். அன்றைக்கே வார்டு உதவியாளர் ஒருவர் ஒரு விசிட்டிங் கார்டை நீட்டினார். “எல்லாரும் இவங்களைத்தான் மேடம் வச்சுக்குவாங்க.” அதில் அவருக்கு என்ன கிடைத்திருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

ஒரு மாத பேக்கேஜ், 18,000 ரூபாய், முழுசும் முன்பணம். ஒவ்வொரு விசிட்டாகக் கொடுத்தால் ரேட் கூடும் என்றார்கள். ரசீது கேட்டதற்கு, “ஜிபேல வந்துருச்சே மேடம், அதுவே ரசீதுதான்” என்று பதில்.

வந்த பையன் நல்ல மரியாதைக்காரன். காலில் பேடு ஒட்டி ‘கரண்ட்’ வைப்பான். மெஷின் ஓடுகிற நேரமெல்லாம் போனில் ரீல்ஸ். அப்புறம் ஏதோ தைலம் போட்டுக் கெண்டைக்கால்வரை நீவி விடுவான். கடைசியில் பாதத்தைக் கொஞ்சம் மேலும் கீழும் ஆட்டச் சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவான். முழங்காலை மடக்குவது மட்டும் நடக்கவே இல்லை. கேட்டால், “அம்மாவுக்கு வலி தாங்காதுக்கா, மெதுவா பண்ணிக்கலாம்.” அம்மாவுக்கோ அவனை ரொம்பப் பிடித்துவிட்டது. “தம்பி கை பட்டாலே சுகமா இருக்கு” என்பார். ஆஸ்பத்திரியில் மடக்கு மடக்கு என்று படுத்திய பெண்ணைவிட இவன் ஆயிரம் மடங்கு மேல் என்று தீர்ப்பே எழுதிவிட்டார். வலிக்காத வைத்தியத்துக்கு நம் ஊரில் எப்போதுமே மவுசு.

முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்துப் படுக்கச் சொன்னதும் அவன்தான். அது இதமாகத்தான் இருக்கும். ஆனால் கால் லேசாக மடங்கியபடியே பழகி, முழுதாக நிமிராமல் போய்விடும். தலையணை வைப்பதென்றால் குதிகாலுக்கு அடியில் வைத்து முழங்காலைத் தொங்கவிட வேண்டும்.

ரிவ்யூவுக்குப் போனபோது டாக்டர் கோணமானி வைத்து அளந்தார். மடங்கியது 60 டிகிரி. நிமிர்வதிலும் 10 டிகிரி பாக்கி. “இத்தனை நாள் யாரும்மா பிசியோ பார்த்தது?” என்றார். வீட்டில் ஒரு நாள்கூட யாரும் அளந்ததில்லை என்றதும் கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

இந்த டிகிரிக் கணக்கை எல்லாரும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். சமதரையில் நடக்கவே முழங்கால் 65 டிகிரி அளவுக்கு மடங்க வேண்டும். படியேற 80-க்கு மேல், நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்திருக்க 90-க்கு மேல். பொதுவாக முதல் இரண்டு மூன்று வாரத்தில் 90-ஐ எட்ட வைக்கப் பார்ப்பார்கள். உள்ளே தழும்புத் திசு உருவாகிக்கொண்டிருக்கும் நேரம் அது. அசைக்காமல் விட்டால் அப்படியே ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் ஆரம்ப வாரங்களுக்கு அவ்வளவு மதிப்பு. அந்த வாரங்களைத்தான் அந்த ஏஜென்சி தைலம் தேய்த்துத் தீர்த்தது.

அம்மாவுக்கு மயக்கம் கொடுத்து, டாக்டரே காலைப் பிடித்து மடக்கி, ஒட்டியதை விடுவித்தார். ஆபரேஷன் ஆகி மூன்று மாதத்துக்குள் செய்தால்தான் இதற்குப் பலன் அதிகமாம். தள்ளிப்போனால் தழும்பு கெட்டிப்பட்டு, மடக்கும்போது எலும்பே முறியும் அபாயம் உண்டு என்றார். அதற்கான பில் தனி.

அதன் பிறகு ஆஸ்பத்திரியிலேயே வேலை பார்க்கும் ஒரு பிசியோ பெண் வர ஒத்துக்கொண்டார். வித்தியாசம் முதல் நாளே தெரிந்தது. வருவதற்கு அரை மணி நேரம் முன்பே வலி மாத்திரை போட்டுக்கொள்ளச் சொன்னார். வந்ததும் மடங்குவது, நிமிர்வது இரண்டையும் அளந்து நோட்டில் எழுதினார். குதிகாலை மெத்தையில் இழுத்து இழுத்து மடக்குவது, தொடையை இறுக்கிப் பிடித்து விடுவது, காலை நேராகத் தூக்குவது என்று எல்லாமே அம்மா செய்கிற வேலை. அவர் வைத்தது கை மட்டும்தான். முடிந்ததும் ஐஸ் பேக். கிளம்பும்போது, நான் வராத நேரத்தில் இத்தனை தடவை செய்யணும் என்று வீட்டுப்பாடம் வேறு. அம்மா அவரைத் திட்டாத நாளில்லை.

பழைய கதையைக் கேட்டுவிட்டு அவர் சொன்ன இரண்டு விஷயம் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஒன்று, இந்த ஆபரேஷனுக்குப் பிறகு காலில் ரத்தக்கட்டு வரும் வாய்ப்பு உண்டு; கெண்டைக்கால் வலியோ வீக்கமோ இருந்தால் டாக்டர் பார்க்கும்வரை அங்கே கை வைத்து நீவவே கூடாது. இரண்டு, அந்த ஏஜென்சி எங்களை அவர்கள் கிளினிக்குக்குக் கூப்பிட்டு, கூடுதல் பணத்துக்கு ‘டீப் ஹீட்’ கொடுப்பதாகச் சொல்லியிருந்தது. அது ஷார்ட்வேவ் டயாதெர்மி, அதாவது மின்காந்த அலையால் சதைக்கு உள்ளே சூடேற்றுவது. உள்ளே உலோகம் வைத்த மூட்டில் அதை வைக்கவே கூடாது. நல்லவேளை, ஆட்டோ கிடைக்காமல் போகாமலே விட்டோம்.

பையனின் படிப்பைத் துருவியபோது, ஏதோ ஒரு சென்டரில் ஆறு மாத சர்டிபிகேட் கோர்ஸ் என்று தெரிந்தது. முறையான பிசியோதெரபி பட்டமான பி.பி.டி. என்பது இன்டர்ன்ஷிப்போடு நாலு வருடத்துக்கும் மேலான படிப்பு. வருபவரிடம் சான்றிதழைக் காட்டச் சொல்ல நமக்குக் கூச்சமாக இருக்கிறது; சொல்லுங்கள். நல்ல பிசியோ யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

இன்சூரன்ஸிலும் அடி. டாக்டர் எழுதிக் கொடுத்த பிசியோ என்றால், டிஸ்சார்ஜுக்குப் பிந்தைய செலவாகக் குறிப்பிட்ட நாள்வரை பல பாலிசிகள் ஏற்கும். ஜிபே ஸ்கிரீன்ஷாட்டை அவர்கள் ஏற்கவில்லை. 2017 ஆகஸ்டில் மத்திய அரசு முழங்கால் மூட்டுக்கு உச்ச விலை வைத்தது. சாதாரண கோபால்ட் குரோமியம் வகைக்கு அப்போது 54,720 ரூபாய், வரி தனி. மூட்டுக்கு அப்படி ஒரு வரம்பாவது உண்டு. அதை மடக்க வைக்க வருபவர் வாய்க்கு வந்த ரேட்தான்.

காசு கட்டுப்படி ஆகாதவர்கள் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பாருங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், தேவைப்படுகிறவர்களுக்கு வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை தருகிறார்கள். எங்கள் தெருவில் பக்கவாதம் வந்த ஒரு தாத்தாவுக்கு இப்படித்தான் வருகிறார்கள், பைசா வாங்குவதில்லை.

ஏஜென்சியிடம் பணத்தைத் திருப்பிக் கேட்டோம். கூகுளில் நான் போட்ட ரிவ்யூவை எடுத்தால் பாதி தருகிறோம் என்றார்கள். எடுக்கவில்லை. 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன், மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் மனு தயார். கொடுத்த தொகை ஐந்து லட்சம்வரை என்றால் அங்கே கட்டணம் கிடையாது. போன் பேச்சை நம்பி இருக்காமல், பேக்கேஜ் விவரத்தை வாட்ஸ்அப்பில் எழுதி வாங்கி வைத்திருந்தது இப்போது கைகொடுக்கிறது.

அம்மா இப்போது 105 டிகிரி மடக்குகிறார், படியேறுகிறார். இடது முழங்காலுக்கும் ஆபரேஷன் வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அந்தப் பிசியோ பெண்ணுக்கு எந்த மாதம் தோதுப்படும் என்று கேட்டுக்கொண்டுதான் தேதி வாங்கப்போகிறோம்.