நானோகுழாய் கலந்த எபாக்ஸி: பீன்யா பட்டறையில் 3 வருட அனுபவம்

பெங்களூரு பீன்யாவில் எங்கள் பட்டறையில் ட்ரோனின் கை, கால் பாகங்களை கார்பன் ஃபைபரில் அச்சு போட்டு எடுக்கிறோம். 3 வருடமாக அந்த ஃபைபரை ஒட்டிப் பிடிக்கும் எபாக்ஸி ரெசினில் கார்பன் நானோகுழாய் (கண்ணுக்குத் தெரியாத மெல்லிய கார்பன் குழாய்கள்) கலந்துவருகிறேன். வாங்கலாமா என்று பலரும் கேட்பதால் எழுதுகிறேன்.

தனி நானோகுழாய் ஒன்றின் விறைப்பு சுமார் 1 டெராபாஸ்கல், அதாவது 1,000 கிகாபாஸ்கல்; எபாக்ஸிக்கு 3 கிகாபாஸ்கல் அளவுதான். இந்த இரண்டு எண்களைப் பார்த்துத்தான் நானும் வாங்கினேன். ஆனால் 100 கிராம் ரெசினில் போவது அரை கிராம்கூட இல்லை. கார்பன் ஃபைபரே விறைப்பைத் தாங்கிக்கொள்கிற பாகத்தில் இது தனியாகத் தெரியாது. டிஎம்ஏ சோதனையில் (பாகத்தைச் சூடாக்கியபடியே ஆட்டிப் பார்ப்பது) விறைப்பைக் காட்டும் ஸ்டோரேஜ் மாடுலஸ் கோடு, குழாய் கலக்காத பழைய கோட்டின் மேலேயே படுத்துக்கிடந்தது.

கலப்பதில்தான் எல்லாமே இருக்கிறது. கேழ்வரகு மாவைக் கொதிநீரில் அப்படியே கொட்டினால் கட்டி தட்டும் இல்லையா, அதே கதைதான். குழாய்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு பிரிய மறுக்கும். ரெசினும் கெட்டியாகிவிடும். பெங்களூரு மார்கழிக் குளிரில் இன்னும் மோசம். "அண்ணே, இது ரெசினா, தாரா?" என்று பட்டறையில் வேலை செய்யும் தருமபுரித் தம்பி கேட்டான். ஒரு சொட்டை இரண்டு கண்ணாடித் துண்டுகளுக்கு நடுவில் அழுத்தி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஒரே சீராகக் கறுத்திருந்தால் சரி. எள் தூவியதுபோல் புள்ளிகள் தெரிந்தால் அச்சில் ஊற்றாதீர்கள், ஒவ்வொரு கட்டியும் விரிசல் தொடங்கும் இடம்.

கட்டிகளைப் பிரிக்க அல்ட்ராசானிக் (ஒலி அதிர்வு) கருவியை அதிக நேரம் ஓட்டினால் குழாய்களே நொறுங்கிப்போகும். ரெசினை இளக்குவதற்காக அசிட்டோன் ஊற்றினேன். அது முழுசாக வெளியேறவில்லை. அந்தத் தொகுதியில் டான் டெல்டா உச்சி (பாகம் இளகும் வெப்பநிலையை டிஎம்ஏ-வில் காட்டும் மேடு) குறைந்த வெப்பநிலைக்கு நகர்ந்துவிட்டது, அதாவது பாகம் வெயிலில் சீக்கிரமே இளகும். குழாய்மேல் பழி போட்டு ஆறு மாதம் வீணானது. இப்போது முன்பே கலந்து வரும் மாஸ்டர்பேட்ச்தான். விலை கூடுதல், ஆனாலும் அதைத்தான் சொல்வேன். அப்புறம், கெட்டியான பாகத்துக்கு ஓவனில் மறுபடி பின்சூடு கொடுப்பதை விடாதீர்கள். அந்த உச்சி வரும் வெப்பநிலையை உயர்த்தியது குழாயைவிட அதுதான்.

பலன் கிடைத்தது அதிர்வு அடங்குவதில், அதுவும் ஒரு நிபந்தனையோடு. குழாயின் மேற்பரப்பும் பாலிமரும் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கும்போது உராய்வில் ஆற்றல் வெப்பமாகிக் கரைகிறது. ஆய்வாளர்கள் நிகில் கொரட்கரும், கேரளத்தில் பிறந்த புலிக்கல் அஜயனும் இருந்த அமெரிக்கக் குழு 2005-இல் பாலிகார்பனேட்டில் 2 சதவீதம் ஒற்றைச்சுவர்க் குழாய் கலந்து, லாஸ் மாடுலஸ் (அதிர்வு ஆற்றல் வெப்பமாகக் கரையும் அளவு) 10 மடங்குக்கும் மேல் கூடியதைக் காட்டியது. ஆனால் அந்த வழுக்கல் தொடங்க, திரிபு (பொருள் வளைந்து நீளும் அளவு) ஓர் எல்லையைத் தாண்ட வேண்டும். மெல்லிய அதிர்வில் குழாய் பிடித்த பிடியில் அப்படியே நிற்கும். அதனால்தான் அதிர்வால் கேமரா படம் ஜெல்லிபோல் நெளியும் ஆட்டம் எங்களுக்குக் குறையவே இல்லை. அதற்கு ரப்பர் தாங்கிதான் வழி. தரையில் இடித்து இறங்கும் கால்களிலோ நன்றாகத் தெரிந்தது: போல்ட் துளையைச் சுற்றி அடுக்குகள் பிரிவது குறைந்தது. குழாயின் மேல் வேதிக்குழுக்கள் ஒட்டிய வகையையும் போட்டுப் பார்த்தேன். பிடி இறுகியது, வழுக்கல் குறைந்தது, அதிர்வு அடங்குவதும் குறைந்தது. விறைப்பு வேண்டுமா, அதிர்வு அடங்க வேண்டுமா என்று முடிவு செய்துவிட்டு வாங்குங்கள்.

உலர்ந்த நானோகுழாய்த் தூளை மட்டும் விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒருவகைப் பல்சுவர்க் குழாயை 2014-இல் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமையான ஐஏஆர்சி, புற்றுநோய் உண்டாக்கச் சாத்தியமுள்ள 2பி பிரிவில் சேர்த்தது. அமெரிக்காவின் தொழிலிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் பரிந்துரைக்கும் காற்று வரம்பு ஒரு கன மீட்டருக்கு 1 மைக்ரோகிராம்தான். கெட்டியான பாகத்தைத் தேய்க்கும்போதும் தண்ணீர் விட்டே தேய்க்கிறோம். தம்பிகள் முகக்கவசம் போடாமல் அந்த மேசைக்கு வர நான் விடுவதில்லை.