மூலக்கூறு சமன்பாடா, நிகர அயனிச் சமன்பாடா?

சில்வர் நைட்ரேட் கரைசலுடன் சோடியம் குளோரைடு கரைசலைச் சேர்க்கும்போது வெண்ணிற வீழ்படிவு (கரையாத திண்மம்) உண்டாகும் வினையை மூலக்கூறு சமன்பாடாக, அதாவது சேர்மங்களை அயனிகளாகப் பிரிக்காமல் முழு வாய்பாடுகளாக எழுதினால், ஒரு மோலுக்கு முன்னதில் ஏறத்தாழ 170 கிராமும் பின்னதில் 58.5 கிராமும் எடுக்க வேண்டும் என்ற கணக்கு கிடைக்கிறது. எடை போட்டுக் கரைசல் தயாரிப்பவருக்கு அதுவே போதும்.

வினையின் உண்மையான உள்ளடக்கத்தையோ, வினையில் உண்மையில் மாறும் துகள்களை மட்டும் எழுதும் நிகர அயனிச் சமன்பாடே காட்டுகிறது (அயனி என்பது மின்னூட்டம் கொண்ட துகள்): சில்வர் அயனியும் குளோரைடு அயனியும் இணைகின்றன, சோடியம், நைட்ரேட் அயனிகள் கரைசலில் மாறாமல் நிற்கின்றன. பொட்டாசியம் குளோரைடைச் சேர்த்தாலும் சமன்பாடு இதுவே என்பதால், கற்பிப்பதற்கு இதையே நான் உயர்வாகக் கருதுகிறேன். ஆனால் எந்தச் சேர்மம் நீரில் கரையும், எது கரையாது என்று சொல்லும் கரைதிறன் விதிகளும் அமிலங்களின் வலிமையும் தெரியாமல் இதை எழுத முடியாது. அசிட்டிக் அமிலம் நீரில் பெரும்பாலும் பிரியாமலே இருப்பதால், அதை அயனிகளாகப் பிரிக்காமல் முழு மூலக்கூறாகவே எழுத வேண்டும்.