யமஹா ஒய்இசட்250எக்ஸ், ஒய்இசட்250எஃப்எக்ஸ்: காட்டுப் பாதைக்கு டூ ஸ்ட்ரோக்கா, ஃபோர் ஸ்ட்ரோக்கா?

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில், டொராண்டோவுக்குக் கிழக்கே 11,000 ஏக்கருக்கும் மேல் பரந்து கிடக்கும் கனராஸ்கா காட்டில், கடந்த நான்கு பருவங்களாக நானும் என் நண்பரும் யமஹாவின் இரண்டு டர்ட் பைக்குகளை ஓட்டி வருகிறோம். என்னுடையது டூ ஸ்ட்ரோக் வகையைச் சேர்ந்த ஒய்இசட்250எக்ஸ். அவருடையது ஃபோர் ஸ்ட்ரோக் ஒய்இசட்250எஃப்எக்ஸ். இரண்டுக்கும் அலுமினியச் சட்டம், கேஒய்பி நிறுவனத்தின் சஸ்பென்ஷன், காட்டுப் பாதைக்கென்றே பின்புறம் 18 அங்குலச் சக்கரம் என்று இன்ஜினைத் தவிர மற்றவை ஏறத்தாழ ஒன்றாகவே இருப்பதால், எந்த வேறுபாடு இன்ஜினால் வருகிறது என்பதைப் பிரித்தறிய இதைவிட நல்ல சோடி அமையாது. காலையில் அவரவர் வண்டி, மதிய உணவுக்குப் பின் வண்டி மாற்றம் என்பதுதான் எங்கள் வழக்கம். எதை வாங்குவது என்று கேட்டுக்கொண்டிருக்கும் நண்பர்களுக்காக இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன்.

முதலில், 250 என்ற எண்ணைப் பார்த்து இரண்டையும் ஒரே தட்டில் வைத்துவிடக் கூடாது. டூ ஸ்ட்ரோக் இன்ஜினில் கிராங்க் (பிஸ்டனின் மேல்கீழ் அசைவைச் சுழற்சியாக்கும் தண்டு) ஒரு சுற்றுச் சுற்றும்போதெல்லாம் ஒரு முறை எரிதல் நடக்கிறது. ஃபோர் ஸ்ட்ரோக்கில் இரண்டு சுற்றுக்கு ஒரு முறைதான். அதனால், ஒரே கொள்ளளவில் டூ ஸ்ட்ரோக் கூடுதல் வலுவைத் தருகிறது. பந்தய விதிகளே இதை ஒப்புக்கொண்டு, 125 டூ ஸ்ட்ரோக்குக்கு எதிராக 250 ஃபோர் ஸ்ட்ரோக்கையும், 250 டூ ஸ்ட்ரோக்குக்கு எதிராக 450 ஃபோர் ஸ்ட்ரோக்கையும் நிறுத்தின. 1997இல் லாஸ் வேகாஸ் சூப்பர்கிராஸ் பந்தயத்தில் டக் ஹென்றி யமஹாவின் ஒய்இசட்எம்400எஃப் என்ற ஃபோர் ஸ்ட்ரோக் வண்டியில் வென்றதும், மறு ஆண்டே ஒய்இசட்400எஃப் விற்பனைக்கு வந்ததும், 2001இல் ஒய்இசட்250எஃப் வந்ததும்தான் மோட்டோகிராஸ் (மண் தடத்தில் நடக்கும் பந்தயம்) உலகின் போக்கைத் திருப்பின. ஹோண்டா 2007க்குப் பிறகு தன் பெரிய டூ ஸ்ட்ரோக் மோட்டோகிராஸ் வண்டிகளை நிறுத்திவிட்டது. யமஹா நிறுத்தவில்லை, அதற்காக நான் அந்நிறுவனத்துக்கு நன்றியுடையவன். ஆக, 250எக்ஸ் வண்டியை 250எஃப்எக்ஸ் வண்டியுடன் ஒப்பிடும்போது, வலுவில் ஒரு படி மேலே உள்ளதை அதற்குக் கீழே உள்ளதுடன் ஒப்பிடுகிறோம் என்பதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். முதன்முதலாக டர்ட் பைக் வாங்குகிறவர் 250 டூ ஸ்ட்ரோக்கை வெறும் 250 தானே என்று எண்ணி வாங்கினால், முதல் நாளே கை நடுங்க வீடு திரும்புவார்.

எனினும் எக்ஸ் என்ற எழுத்து வெறும் ஒட்டுவில்லை அன்று. மோட்டோகிராஸுக்கான ஒய்இசட்250 இன்ஜினையே எடுத்துக்கொண்டு, அழுத்த விகிதத்தைக் குறைத்து, புகைவாயில் திறக்கும் கணக்கையும் மின்பொறி நேரத்தையும் மாற்றி, ஐந்து கியர்களின் இடைவெளியையும் அகலப்படுத்தியிருக்கிறார்கள். இதன் பயன் காட்டுக்குள் நுழைந்த பத்தாவது நிமிடத்திலேயே தெரிகிறது. புகைவாயிலின் அளவைக் கூட்டிக் குறைக்கும் பவர் வால்வு மூடியிருக்கும் குறைந்த சுழற்சியில் வண்டி சாதுவாக நடக்கிறது; சுழற்சி ஏறி அந்த வால்வு திறக்கும்போது வருகிற உந்துதலும், மோட்டோகிராஸ் வண்டியைப் போலத் தூக்கி எறியாமல், ஒரு நீண்ட ஏற்றமாக வருகிறது. குறுக்கே கிடக்கும் மரத்தைத் தாண்டுவதற்கு கிளட்சை ஒரு விரலால் தட்டி விட்டாலே முன்சக்கரம் எழுகிறது. செங்குத்தான மேட்டில் பாதியில் நின்றுபோனால், வண்டியைப் படுக்கப் போட்டுத் திருப்பி, மீண்டும் தூக்கி நிறுத்துவதற்கு அதன் 104 கிலோ எடை உதவியாக இருக்கிறது.

ஃபோர் ஸ்ட்ரோக் வண்டியின் எடை 111 கிலோ. ஏழு கிலோதானே என்று தோன்றலாம். ஆனால் ஓடும்போது உணர்கிற வேறுபாடு அந்த எண்ணைவிடப் பெரியது. இன்ஜினின் தலைப்பகுதியில் இரண்டு கேம்ஷாஃப்ட்டும் நான்கு வால்வுகளும் அவற்றை இயக்கும் சங்கிலியும் சுழன்றுகொண்டிருப்பதால், வண்டியை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் சாய்க்கும்போது அது சற்றுத் தயங்கியே சாய்கிறது. அதே சுழலும் எடைதான் வேறோர் இடத்தில் நன்மையாகிறது. மழைக்குப் பின் கடினமான மண்மேட்டில், வேர்கள் பளபளத்துக் கிடக்கும் வளைவில், 250எஃப்எக்ஸின் பின்சக்கரம் மண்ணைப் பற்றிக்கொண்டே வெளியேறுகிறது. என் வண்டியில் அதே இடத்தில் வலக்கை ஒரு நூலளவு கூடுதலாகத் திரும்பினாலும் சக்கரம் வீணாகச் சுழல்கிறது. களைத்துப்போன பிற்பகலில், கவனம் சிதறத் தொடங்கும் நேரத்தில், நண்பரின் வண்டியில் ஏறியதும் எனக்கு ஓர் ஆறுதல் கிடைக்கிறது என்பதை மறைக்க மாட்டேன். அந்த இன்ஜின் ஓட்டுநரின் தவறுகளைப் பொறுத்துக்கொள்கிறது.

இறக்கங்களில் வேறுபாடு இன்னும் வெளிப்படையானது. ஃபோர் ஸ்ட்ரோக்கில் ஆக்ஸிலரேட்டரை விட்டவுடன் இன்ஜினே வண்டியை இழுத்துப் பிடிக்கிறது. டூ ஸ்ட்ரோக்கில் அந்தப் பிடிப்பு மிகக் குறைவு. வண்டி தன்போக்கில் உருண்டு செல்லும், நிறுத்துகிற பொறுப்பு முழுவதும் பிரேக்குகளையும் ஓட்டுநரின் உடல் நிலையையும் சேர்ந்தது. இதில் புதியவர்கள் அறியாத ஓர் ஆபத்தும் உண்டு. பெட்ரோலோடு கலந்து வரும் ஆயில்தான் பிஸ்டனுக்கும் கிராங்க் பேரிங்குக்கும் உயவு தருகிறது என்பதால், நீண்ட இறக்கத்தில் கியரில் வைத்து, ஆக்ஸிலரேட்டரை முழுவதும் மூடியபடி இன்ஜினை வேகமாகச் சுழலவிட்டால், எரிபொருள் வரத்து குறைவதோடு உயவும் குறைகிறது. கிளட்சைப் பிடித்துக்கொள்வதோ, இடையிடையே ஆக்ஸிலரேட்டரைச் சற்றுத் திருகிக் கொடுப்பதோ பழக்கமாக வேண்டும்.

ஸ்டார்ட் செய்வதைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. 250எஃப்எக்ஸில் பொத்தான், 250எக்ஸில் காலால் உதைப்பது மட்டுமே. சரிவில் கால் ஊன்ற இடமில்லாமல் நிற்கும்போது அந்தப் பொத்தானின் அருமை தெரியும். குள்ளமான ஓட்டுநர்களுக்கு இது ஒன்றே முடிவைத் தீர்மானிக்கப் போதுமான காரணம் என்பேன்.

எரிபொருள் விஷயத்துக்கு வருவோம். ஆர்எக்ஸ்100 ஓட்டியவர்களுக்கு நினைவிருக்கும், அதில் ஆயிலுக்குத் தனித் தொட்டியும் அதைச் செலுத்த ஒரு பம்பும் இருந்தன. 250எக்ஸில் அந்த வசதி இல்லை. நம் ஊரில் மொபெட்டுக்குப் பெட்ரோல் போடும்போது ஆயில் கலந்து ஊற்றியதைப் போல, நாமே கலக்க வேண்டும். யமஹா சொல்லும் விகிதம் 30க்கு 1, அதாவது 10 லிட்டர் பெட்ரோலுக்கு 333 மில்லிலிட்டர் ஆயில். கலப்பது இரண்டு நிமிட வேலை. உண்மையான உழைப்பு 38 மில்லிமீட்டர் கெய்ஹின் கார்புரேட்டரைப் பருவத்துக்கேற்ப வைத்திருப்பதில் இருக்கிறது. குளிர்ந்த காற்று அடர்த்தியானது. ஜூலை மாத வெயிலில் சரியாக ஓடிய ஜெட் (கார்புரேட்டரில் பெட்ரோலின் அளவைத் தீர்மானிக்கும் துளையுள்ள சிறு திருகு), அக்டோபர் மாதக் காலையில் போதிய பெட்ரோலைத் தராது. கலவையில் பெட்ரோல் குறைந்தால் பிஸ்டன் சூடேறி இறுகும் அபாயம் உண்டு; கூடினால் பிளக் கரி பிடிக்கும். என் முதல் பருவத்தில் வசந்த காலத்துக்கு வைத்த ஜெட்டை மாற்றாமலே கோடையில் ஓட்டி, பிளக் அடைத்து, வாகன நிறுத்துமிடத்துக்கு நான்கு கிலோமீட்டர் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தேன். அன்றிலிருந்து ஒரு மாற்றுப் பிளக்கும் அதற்கான ஸ்பேனரும் இல்லாமல் காட்டுக்குள் போவதில்லை. 250எஃப்எக்ஸில் எரிபொருளை மின்னணு முறையில் தெளிக்கும் அமைப்பு இருப்பதால் இந்தக் கவலைகள் ஏதுமில்லை. அதன் குணத்தையே கைபேசிச் செயலியின் வழியாக மென்மையாக்கவோ கூர்மையாக்கவோ முடிகிறது. கேடிஎம் நிறுவனம் தன் 2018ஆம் ஆண்டு மாடல்களிலேயே டூ ஸ்ட்ரோக் எண்டியூரோ (காடு மேடு வழியே நடக்கும் நெடும் பந்தயம்) வண்டிகளுக்கு இத்தகைய தெளிப்பு முறையைக் கொண்டுவந்துவிட்ட நிலையில், யமஹா இன்னும் கார்புரேட்டரையே வைத்திருப்பது 250எக்ஸின் பெரிய குறை என்பதே என் கருத்து. கார்புரேட்டரை நேசிப்பவர்கள் இதை ஏற்க மாட்டார்கள். அவர்களில் பலர் ஏப்ரல் மாதத்து ஒன்டாரியோவில் விரல் விறைக்க ஜெட் மாற்றியதில்லை என்று நினைக்கிறேன்.

இனி, என் முடிவைத் தீர்மானித்த பராமரிப்பு. டூ ஸ்ட்ரோக்கின் பிஸ்டனும் ரிங்கும் தேயும் பொருள்கள். பிரேக் கட்டையைப் போலக் காலத்தோடு மாற்ற வேண்டியவை. நான் ஏறத்தாழ 80 மணி நேர ஓட்டத்துக்கு ஒரு முறை மாற்றுகிறேன். பெட்ரோல் தொட்டியையும் சைலன்சர் குழாயையும் கழற்றி, ஹெட்டையும் சிலிண்டரையும் எடுத்துவிட்டால் பிஸ்டன் கண்முன்னே நிற்கிறது. பிஸ்டன், ரிங், கஜ்ஜன் பின், அதன் பேரிங், பேக்கிங் என்று ஒரு சிறிய பெட்டிக்குள் அடங்கும் பாகங்களை மாற்றி, ஒரு மாலைப் பொழுதுக்குள் வண்டியை மீண்டும் ஓட வைத்துவிடலாம். ஆர்எக்ஸ் காலத்து வழக்கப்படி லேத்துக்குக் கொண்டுபோய் போர் பெரிதாக்கும் வேலை இதில் கிடையாது. சிலிண்டரின் உட்சுவரில் நிக்கல் கலந்த கடினமான பூச்சு இருப்பதால், அது கீறல் விழாதவரை அதே அளவு பிஸ்டனையே மீண்டும் போடலாம்.

ஃபோர் ஸ்ட்ரோக்கின் மேற்பகுதி இதைவிட நீண்ட காலம் தாங்கும் என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் அந்த இடைக்காலத்தில் அது கேட்கும் கவனம் அதிகம். இன்ஜினில் இருக்கும் ஆயிலின் அளவே ஏறத்தாழ ஒரு லிட்டர்தான் என்பதால் அதை அடிக்கடி மாற்ற வேண்டும்; டேப்பெட் இடைவெளியை (வால்வுக்கும் அதை அழுத்தும் கேமுக்கும் இடையே உள்ள இடைவெளியை) அளந்து, தேவையானால் ஷிம் எனும் மெல்லிய வில்லையை மாற்ற வேண்டும்; டைமிங் செயினைக் கவனிக்க வேண்டும். இதன் வால்வுகள் டைட்டானியத்தால் ஆனவை. காற்று வடிகட்டியைத் தாண்டி நுழையும் தூசு அவற்றின் மேற்பூச்சைத் தேய்த்துவிட்டால், வால்வு தன் இருக்கைக்குள் மெல்ல இறங்கி டேப்பெட் இடைவெளி சுருங்குகிறது. சூடான இன்ஜின் ஸ்டார்ட் ஆக அடம்பிடிப்பது அதன் முதல் அறிகுறி. கனராஸ்காவின் மண் பெரும்பாலும் மணல்; அந்த மணலைக் காற்று அள்ளிச் செல்லாமல் தடுக்கத்தான் அங்கே வரிசை வரிசையாக பைன் மரங்களை நட்டார்கள். அத்தகைய நிலத்தில் ஓட்டுகிறவர் ஒவ்வொரு நாள் ஓட்டத்துக்குப் பிறகும் வடிகட்டியைக் கழுவி, எண்ணெயிட்டுப் பொருத்தியாக வேண்டும். என் நண்பர் இதில் தவறாதவர். அவருடைய டேப்பெட் இடைவெளி நான்கு பருவங்களில் ஒரே ஒரு முறைதான் திருத்தப்பட்டது.

அந்த ஒழுங்கு இல்லாதபோது என்ன ஆகும் என்பதையும் பார்த்திருக்கிறேன். எங்களோடு வரும் இன்னொருவர், பழைய ஃபோர் ஸ்ட்ரோக் வண்டி ஒன்றைக் குறைந்த விலைக்கு வாங்கினார்; அதைத் தயாரித்த நிறுவனத்தின் பெயர் இங்கே தேவையில்லை. இரண்டாவது மாதத்தில் வால்வு ஒன்று உடைந்து பிஸ்டன்மேல் விழ, ஹெட், பிஸ்டன், சிலிண்டர், கிராங்க் ஆகிய நான்கும் ஒருசேரப் போயின. பழுதுபார்க்கக் கேட்ட தொகை வண்டியின் விலையை எட்டியதால், அவர் அதைப் பாகங்களாக விற்றுவிட்டார். டூ ஸ்ட்ரோக்கும் இறுகும், உடையும். ஆனால் உடைவதற்கு அதில் உள்ள பொருள்களே குறைவு.

வன்மையான எண்டியூரோ பந்தயங்களில் டூ ஸ்ட்ரோக் இன்றும் கோலோச்சுவதற்கு இந்த எளிமையும் எடைக் குறைவும்தான் காரணம். 2022 முதல் 2024 வரை தொடர்ந்து மூன்று ஆண்டுகள் உலக ஹார்டு எண்டியூரோ பட்டத்தை வென்ற மானுவல் லெட்டன்பிச்லர் ஓட்டியது கேடிஎம் 300 டூ ஸ்ட்ரோக். பாறைமீது வண்டியைக் கையால் இழுத்து ஏற்ற வேண்டிய பாதையில் ஒவ்வொரு கிலோவும் கணக்கில் வருகிறது. அதற்கு நேர்மாறாக, நாள்தோறும் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் பாலைவனத்தில் ஓடும் டக்கார் பந்தயத்தின் முன்வரிசையில் 450 ஃபோர் ஸ்ட்ரோக் வண்டிகளே நிற்கின்றன. கேரளத்தின் ஹரித் நோவா 2024இல் ரேலி 2 பிரிவை வென்றதும் ஷெர்கோ டிவிஎஸ் அணியின் அத்தகைய வண்டியில்தான்.

ஆகவே, தன் கையால் ஸ்பேனர் பிடிக்க விரும்புகிறவர், நெருக்கமான மரங்களுக்கிடையே ஓட்டுகிறவர், ஓரிரு ஆண்டு அனுபவம் உள்ளவர் 250எக்ஸை வாங்கட்டும். புதிய வண்டியின் விலையும் இங்கே அதற்குத்தான் குறைவு. புதிதாகக் கற்கிறவருக்கும், இன்ஜினைத் திறக்கும் எண்ணமே இல்லாமல் வார இறுதியில் மட்டும் ஓட்ட விரும்புகிறவருக்கும், கடின மண்ணும் நீண்ட பாதையும் உள்ள ஊரில் வசிப்பவருக்கும் 250எஃப்எக்ஸைப் பரிந்துரைக்கிறேன், ஆனால் அவர்கள் அதைப் புதிதாகவோ, பராமரிப்புக் குறிப்பேட்டை மணிக்கணக்குடன் எழுதி வைத்திருக்கும் ஒருவரிடமிருந்தோ மட்டுமே வாங்க வேண்டும். பழைய வண்டியைப் பார்க்கப் போகும்போது, வரும் முன் இன்ஜினைச் சூடாக்க வேண்டாம் என்று விற்பவரிடம் சொல்லிவிடுங்கள். குளிர்ந்த நிலையில் ஒரு முறை, பத்து நிமிடம் ஓட்டிச் சூடேறியபின் ஒரு முறை ஸ்டார்ட் செய்து பாருங்கள். பிறகு இருக்கையின் அருகே உள்ள காற்று வடிகட்டியை வெளியே எடுத்து, அது மூடியிருந்த குழாயின் உட்புறத்தை வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். துணியில் மணல் ஒட்டினால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் அந்த ஃபோர் ஸ்ட்ரோக்கை வாங்காதீர்கள். டூ ஸ்ட்ரோக்காக இருந்தால், ஒரு பிஸ்டன் பெட்டியின் விலையைக் கழித்துக்கொண்டு பேரம் பேசலாம்.